கேட்டில் சொன்ன ப்ளஸ் டூ

இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஒரு சட்டி மீன்குழம்பு வீணாய்ப் போனது. என் அம்மா மீன்குழம்பை வீணாக்குகிற பொம்பளை இல்லை. அதிலிருந்தே விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

என் பெயர் ஷெர்லின். ஊர் மண்ணூர், சென்னைக்கு வெளியே கம்பெனிகள் நிறைந்த பக்கம். எங்கள் வீட்டு மாடியில் ரூம்கள் கட்டி, கம்பெனி வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது அம்மா ஞானம்மா. நான் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு மேன்பவர் ஆபீசில் இருக்கிறேன். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ். காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் ஃபைலோடு பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். தென்காசி, சிவகாசி, விளாத்திகுளம் என்று ஊர்ப்பெயரைக் கேட்டே எனக்குத் தமிழ்நாட்டு மேப் மனப்பாடம் ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உற்பத்தி லைனில் நிற்க ஆள் கேட்கிற கம்பெனிக்குப் பட்டம் வாங்கிய ஆளைப் பிடிக்காது. படித்தவன் சீக்கிரம் ஓடிவிடுவான், ஓடாமல் இருந்தால் கேள்வி கேட்பான் என்று நினைப்பு. அதனால் பி.எஸ்சி.யோ எம்.எஸ்சி.யோ, வாங்கியதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, "ப்ளஸ் டூ" என்று சொல்லித்தான் கேட்டுக்குள் நுழைய வேண்டும். இந்த உபதேசத்தை என் மேசைக்கு முன்னால் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. யோக்கியர்கள் முகம் சுளிக்கலாம். நன்றாகச் சுளிக்கட்டும். உண்மையைச் சொல்லிவிட்டு மாசக்கணக்கில் ரூமில் சும்மா கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் பார்த்ததில்லை.

அப்படி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள்தான் நாச்சியார். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. லேப் கெமிஸ்ட் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி ரயில் ஏறி வந்தவள். இங்கே வந்து கேட்டால் அனுபவம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஃபைலைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா" என்றாள்.

"அத்த மறந்துடு" என்றேன். "ப்ளஸ் டூ மார்க் ஷீட்டு கொண்டாந்துகீறியா? அத்த மட்டும் எடு."

திரும்ப ஊருக்குப் போக அவளுக்கு முகமில்லை. அப்பா பெயர் வனமாமலை. வாழைத்தோப்பு வேலைக்குப் போய், ஒற்றை ஆளாக இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவர். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். நாச்சியார் கொஞ்ச நேரம் ஃபைலைப் பார்த்தாள். பிறகு ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் உருவி என்னிடம் கொடுத்தாள். மறுநாளே கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டேன். தங்குவதற்கு எங்கள் மாடி.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஒயரின் நுனியையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் ஓட்டைக்குள் கட்டை விரலால் அழுத்த வேண்டும். டக்கென்று சத்தம் கேட்டால்தான் உட்கார்ந்ததாக அர்த்தம். ஷிஃப்ட் முழுக்க இதே டக், டக், டக். முதல் மாசம் விரல் நுனியில் கொப்புளம் வரும். அப்புறம் உடைந்து காய்ப்பாகும். அதற்குமேல் வலிக்காது. டேப் சுற்றிக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

அப்பாவிடம் அவள் சொன்னது வேறு. "லேப்ல இருக்கேன்ப்பா." கம்பெனிக்கு ப்ளஸ் டூ, ஊருக்கு லேப். இரண்டு பொய்க்கும் நடுவில் மூன்று வருஷம் ஓடியது. ஊரிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் மெல்லமாகப் பேசுவாள். மற்ற பிள்ளைகள் காதல் என்று நினைத்துக் கேலி செய்வார்கள். எனக்குத் தெரியும், லேப்பில் இன்றைக்கு என்ன வேலை என்று அப்பாவிடம் கதை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று.

ஆனால் ஒன்று. அவள் தேடுவதை விடவில்லை. கம்பெனி வேனில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கும்போது இவள் போனில் பல்கலைக்கழகங்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் நிதி ஒதுக்குமாம். அதில் உதவிக்கு ஒருவரோ இருவரோ வைத்துக்கொள்வார்களாம். ப்ராஜெக்ட் அசோசியேட் என்று பெயர். அதில் நுழைந்துவிட்டால் பிறகு பிஎச்.டி., பிறகு சொந்தமாக ஆராய்ச்சி என்று ஒரு வழி திறக்குமாம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தப் பல்கலைக்கழகக்காரர்களுக்கு ஆள் எடுக்கவே தெரியாது என்பது என் தாழ்மையான கருத்து. அறிவிப்பை எங்கேயோ ஒரு மூலையில் போடுவது. திறந்து பார்த்தால் போன வாரமே முடிந்திருக்கும். முடியாமல் இருந்தால் நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவருக்கு முன்னுரிமை என்றிருக்கும். நாங்கள் ஒரு வேனை மைக்கோடு ஊருக்குள் விட்டால் சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர் நிற்பார்கள். இவர்கள் ஒரே ஒரு ஆளை எடுக்க இத்தனை ஒளித்து விளையாடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

நேரடியாகப் பேராசிரியர்களுக்கும் மெயில் எழுதினாள். ஒரே மெயிலை எல்லாருக்கும் "மதிப்பிற்குரிய ஐயா" என்று அனுப்பியதில் பாதிப் பேர் அம்மாக்கள். யார் பதில் போடுவார்கள்? ஒரே ஒருவர் "நோட்டட்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள்.

"நோட்டட்னா நல்லதாக்கா?"

"பாத்தேன்னு அர்த்தம். வேற இன்னாத்துக்கு உயிர வாங்குற."

"பாத்தாவள்லா. அது போதும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. நல்ல குண்டுதான், கேட்பவர்களுக்கு. மூன்று வருஷம் முடித்தவர்களில் சிலரைப் பெர்மனன்ட் ஆக்குகிறார்கள். நாச்சியார் பெயர் முதலில் இருந்தது. ஆனால் இன்னும் மூன்று வருஷம் விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருகிற திங்கட்கிழமை கையெழுத்து.

மற்ற பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். நாச்சியார் அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து விரல் டேப்பைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையெழுத்து போட்டா ஆறு வருசம் ஆயிரும்க்கா" என்றாள். "அதுக்கப்புறம் கெமிஸ்ட்ரின்னு சொல்லிக்கிட்டு எந்த மூஞ்சியோட போய் நிக்க? எனக்கே மறந்துரும்."

"போடலேன்னா?"

"வெளிய அனுப்பிருவாவ. ட்ரெய்னி காலம் முடிஞ்சு போச்சுல்லா."

அந்த வாரத்தில்தான் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், வேதியியல் துறை. ஏரித் தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களை அளக்கிற ஆராய்ச்சி. ஒரே ஒரு இடம். வியாழக்கிழமை காலையில் சான்றிதழோடு நேரில் வரலாம். நெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் எம்.எஸ்சி.யில் செய்த ப்ராஜெக்டும் தண்ணீர்தான், ஊர்க் கிணறுகளின் தண்ணீர்.

"இதுதான்க்கா கடைசி" என்றாள். "இது கெடைக்கலேன்னா திங்கக்கெழம கையெழுத்து போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துருதேன்."

வியாழக்கிழமைக்கு லீவு கிடைக்கவில்லை. நைட் ஷிஃப்டை முடித்துவிட்டு, கம்பெனி பாத்ரூமிலேயே முகம் கழுவி, அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு, ஒரகடத்தில் பஸ் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து ரயில். கைப்பையில் யூனிஃபார்ம், பிளாஸ்டிக் கவரில் ஃபைல். கண்ணெல்லாம் எரிச்சல். பஸ்ஸில் தூங்கினால் ஸ்டாப் தவறிவிடும் என்று நின்றுகொண்டே போனாளாம்.

அடுத்து நடந்ததை எங்கள் பக்கத்து ஆள்தான் செய்ய முடியும். வேறு யாராலும் முடியாது.

பல்கலைக்கழக வாசலில் ஒரு செக்யூரிட்டி. கம்பெனி கேட்டுகளில் நிற்பவர்கள் போட்டிருக்கும் அதே வெளிர்நீலச் சட்டை, அதே தொப்பி, கையில் அதே நீள ரிஜிஸ்டர். எங்கள் பக்கத்து கேட்டுகளில் இன்டர்வியூவுக்குப் போனாலும், ஆடிட் வந்தாலும், ஐடி கார்டு தொலைந்தாலும் மூன்று கேள்விதான். பேர், எங்கிருந்து, படிப்பு. அந்த மனிதரும் அதே வரிசையில் கேட்டிருக்கிறார். இவளும் மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கால், "நாச்சியார், மண்ணூர், ப்ளஸ் டூ" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது அவளுக்கே தெரியாது. "லெஃப்ட்ல போம்மா, ஆபீஸ் பில்டிங்" என்று அவர் கை காட்டினார். போய்விட்டாள்.

அங்கே ஒரு ஹால் நிறையக் கூட்டம். பெயரை எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். ஒரு இடத்துக்குக் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இவ்வளவு பேரா என்று மலைத்துப் போனாளாம். மலைத்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்பெனி லைனில் நின்று நின்று பேசாமல் இருக்கப் பழகிவிட்டவள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வழியாக இவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே பாண்டுரங்கன் என்று ஒரு ஆபீஸர்.

"நின்னுகிட்டே வேலை செய்யணும், முடியுமா?"

"முடியும் சார்."

"காலைல நீதான் வந்து லேப் கதவைத் தொறக்கணும். கண்ணாடிச் சாமான் கழுவணும், ஒடைக்கக் கூடாது."

"ஒடைக்க மாட்டேன் சார்."

ஆராய்ச்சி என்றால் முதலில் கண்ணாடி கழுவுவதில்தான் ஆரம்பிக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாளாம். கம்பெனி லைனில் நிற்கிறேன் என்று இவள் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். கம்பெனியில் இருந்த பெண், நேரத்துக்கு வருவாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, "உன்னையே எடுத்துக்கலாம்மா. ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் குடு" என்றிருக்கிறார்.

"ப்ளஸ் டூவா சார்?"

"லேப் அட்டெண்டருக்கு அது போதும்மா."

அப்போதுதான் அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. அன்றைக்கே அட்டெண்டர் வேலைக்கும் ஆள் எடுத்திருக்கிறார்கள், கேட்டில் ப்ளஸ் டூ என்றதும் அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு நிமிஷம் சார் என்று வெளியே வந்து எனக்குப் போன் போட்டாள். நான் ஒரு பையனிடம் கம்பெனி ஷூவுக்கு சைஸ் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் வேறு கட்டிடம், அங்கே இன்டர்வியூ மதியத்தோடு முடிந்துவிடும், இப்போதே மதியம் ஆகப் போகிறது. அப்புறம் சின்னக் குரலில் சொன்னாள், "இவரு வேலை தாரேங்காரு. அட்டெண்டர்னாலும் லேப்புக்குள்ளதானேக்கா இருக்கும். அப்பாகிட்ட சொன்னது பொய்யா இருக்காதுல்லா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபம். கையில் வந்த வேலையை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் பொறுக்கவில்லை.

"இன்னாடி பேசிகினு கீற? கண்ணாடி கழுவுறது ஒண்ணும் கேவலமில்ல. ஆனா அது உன்னோட வேலை இல்ல. நெசமாவே ப்ளஸ் டூ படிச்ச ஒருத்தி வெளிய குந்திகினு கீறா பாரு, அவளுக்கு வர வேண்டியது. அத்த அவளுக்கு வுட்டுட்டு எழுந்து ஓடு."

"அங்க முடிஞ்சிருந்தா?"

"முடிஞ்சிருந்தா கதவத் தட்டு. தட்டாம வந்த, ரூம் சாவிய எங்கம்மாகிட்ட குடுத்துட்டு ஊரப் பாக்கப் போய்ட்டே இரு."

அவள் போனை வைத்துவிட்டாள். ஷூ சைஸ் சொல்ல வந்த பையன் என்னைப் பார்த்து, தானும் பி.எஸ்சி. என்று மெல்லமாகச் சொன்னான். வாயை மூடு என்றேன்.

அவள் உள்ளே போய் பாண்டுரங்கனிடம், "சார், நான் எம்.எஸ்சி. படிச்சிருக்கேன். கேட்ல தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள். மூன்று வருஷத்தில் ஒரு மேசைக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, ஆனால் நல்ல மனிதர். திட்டாமல் ஜன்னல் வழியாகக் கை நீட்டி எந்தக் கட்டிடம் என்று காட்டினாராம்.

கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் இன்டர்வியூ முடிந்திருந்தது. பேராசிரியர் மதிவதனி ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். கூட இருந்த இரண்டு பேரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள். இவள் மூச்சு வாங்க வாசலில் நின்று, இடது பக்கம் போனதையும் அட்டெண்டர் வரிசையில் உட்கார்ந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அங்கே எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் மதிவதனி.

"எடுத்துட்டாங்க மேடம்."

"அப்புறம் இங்கே ஏன் வந்தே?"

"எனக்குக் கெமிஸ்ட்ரி வேணும் மேடம்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி வரை அவளை விடவில்லை. கேட்டதில் பாதிக்கு, மறந்துவிட்டது, படித்தால் வந்துவிடும் என்றுதான் பதில் சொன்னாளாம். ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த ப்ராஜெக்டைக் கேட்டதும் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வரும்போது, குடுவையில் இருக்கிற ஒயின் சிவப்பு சட்டென்று நீலமாகுமாம். அந்த ஒரு சொட்டைத் தவறவிடாமல் பிடிக்க மூச்சையே அடக்கிக்கொள்வாளாம். அதைச் சொல்லும்போது இல்லாத குடுவையைக் கையில் பிடித்துச் சுழற்றிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து எங்கள் அடுக்களையிலும் காட்டினாள். அவள் கையில் அம்மாவின் ரசச் சொம்பு.

அப்புறம் மதிவதனி ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு வருஷமா படிப்பை மறைச்சு வேலை பார்த்திருக்கே. நாளைக்கு என் லேப்ல ரீடிங்கை மாத்தி எழுத மாட்டேன்னு நான் எப்படி நம்புறது?"

"நான் என்னையக் கொறச்சுத்தான் சொன்னேன் மேடம். கூட்டிச் சொல்லல."

"குறைச்சு எழுதினாலும் தப்பான ரீடிங்தான்."

நாச்சியார், "ஆமா மேடம். அதான் அங்க வேலை கெடச்சப்பறமும் இங்க ஓடி வந்தேன்" என்றாளாம்.

மதிவதனி சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. மெயில் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்ன தப்பான ரீடிங் என்ற பேச்சு எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்த அம்மா என் மேசைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை மெயில் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யுனிவர்சிட்டி மெயில் அனுப்பாது என்று தெரிந்தும் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தார்.

"ரெண்டு வாய் துண்ணுமே" என்றார் அம்மா. "துண்ணாம இருந்தா மெயிலு வந்துருமா?"

"பசிக்கல ஆன்ட்டி."

அம்மாவும் சாப்பிடவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டேன், ருசியே தெரியவில்லை. மிச்சத்தைப் பூனைக்குப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். உள்ளே போய்விட்டால் உலகம் அழிந்தாலும் தெரியாது. அதனால் மெயில் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டு வேன் ஏறினாள். டீ பிரேக்குக்கு அப்புறம் ஹெச்.ஆர். ரூமில் கையெழுத்து.

"வரலேன்னா வுடு. போட்டுடு" என்றேன்.

"போட்டுருதேன்க்கா" என்றாள். அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆபீசில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு இப்போதும் ஞாபகமில்லை. ஒரு கையால் அவர்கள் சான்றிதழைப் புரட்டிக்கொண்டு மறு கையால் மெயிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். டீ பிரேக் நெருங்குகிற நேரத்தில் வந்தது. இங்கிலீஷில் ஏதேதோ எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது ஒரு சொல்தான். "செலக்டட்." அதற்குமேல் படிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கம்பெனி கேட்டில் தசரதன் அண்ணன் டூட்டி. எனக்குத் தெரிந்தவர்தான், ஆனால் ரூல் என்றால் ரூல். ஷிஃப்ட் நேரத்தில் ஒரு ஆளை வெளியே கூப்பிட வேண்டுமென்றால் கல்யாணம், காதுகுத்து எதுவும் செல்லாது. வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால் ஹெச்.ஆரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து கேட்டுகள் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் திறக்கும்.

"நாச்சியார கூப்புடுண்ணே. அவங்க அப்பாவுக்கு ரொம்ப முடியல" என்றேன்.

பொய்தான். வேறென்ன சொல்ல?

தசரதன் அண்ணன் முகம் மாறிவிட்டது. உடனே உள்ளே போன் போட்டார். நான் வெயிலில் நின்று, ஐயோ கையெழுத்துப் போட்டிருப்பாளோ, போட்டிருப்பாளோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு உள்ளே என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை நினைக்கவே இல்லை.

அவள் ஓடி வந்தாள். தலையில் வலைத்தொப்பி, விரல்களில் டேப், காலில் கம்பெனி ஷூ. முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாவுக்கு என்னக்கா?"

"அப்பா நல்லாதான் கீறாரு. சும்மா சொன்னேன். வேலை கெடச்சிடுச்சிடி. கையெழுத்து போட்டியா?"

"அப்பாவுக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. செலக்டட்னு மெயிலு வந்துகீது. கையெழுத்து போட்டியா, சொல்லு."

"பேனாவக் கையில குடுத்தாவ, அதுக்குள்ள போன் வந்துட்டு" என்றாள். அப்புறம் மூன்றாவது தடவையாக, "அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். மெயிலைக் காட்டினேன். பார்த்தாள், ஆனால் படிக்கவில்லை. நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்பா குரலைக் கேட்காமல் அவள் உயிர் திரும்பாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் போன் லாக்கரில் இருந்தது. என் போனில் நம்பரைச் சொல்லச் சொல்லிப் போட்டேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தேன்.

"யாரு?"

"யப்பா, நான்தான். நல்லாயிருக்கியளா?"

"எனக்கென்ன, வாழைக்கு மண்ணு அணைச்சிக்கிட்டு நிக்கேன். நீ என்னளா இந்நேரம்? அழுதியா?"

"இல்லப்பா." அழுதுகொண்டேதான் சொன்னாள். "லேப்ல வேலை கெடச்சிருக்குப்பா. மெட்ராஸ்ல ஒரு யுனிவர்சிட்டில. தண்ணி டெஸ்ட் பண்ணுத ஆராய்ச்சி."

ஒரு லாரி போனது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன்.

"நெச லேப்பா?" என்றார் அவர்.

நாச்சியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சித்திரைக்கு வந்தேல்லா, அப்பவே ஒன் வெரலப் பாத்தேன்" என்றார். "மம்பட்டி பிடிக்க எனக்கே அப்படிக் காய்ப்பு கெடையாது. லேப்ல இருக்க பிள்ளைக்கு எங்கேருந்து வரும்?"

"ஏம்ப்பா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. ஒனக்கு எதுக்கு அந்தச் செரமம். நெசமாவே லேப்புதானட்டி?"

"நெசமாத்தான்ப்பா."

"சரி. அப்ப கண்ணத் தொடச்சிக்கிட்டு வேலையப் பாரு. நானும் இந்த வரிசைய முடிச்சிருதேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நாச்சியார் கேட்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து விரல் டேப்பை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

தசரதன் அண்ணன் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தார். இவள் அழுவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பாவுக்கு எப்டிமா கீது?"

நாச்சியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொழச்சுக்கிட்டாருண்ணே" என்றாள்.

"அதான் வேணும்" என்று சொல்லி, அவர் அவுட் நேரத்தை எழுதிக்கொண்டார்.